சனிக்கிழமை செல்லாத அட்டை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் எனக்கு வேலை. ஐரோப்பாவில் இருக்கும் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்கள் எழுதும் புகார் மடல்களுக்கு நாங்கள் இங்கிருந்து பதில் போடுகிறோம். அந்தக் கம்பெனி விற்பது பனிமலைக்குப் போகும் அனுமதி அட்டை. ஒரே அட்டையை வைத்துக்கொண்டு ஏழு மலைகளில் பனிச்சறுக்கு விளையாடலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் குழுவில் யாரோ அதற்கு ‘ஏழுமலையான் பாஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். கூடுதல் கட்டணம் கட்டி வரிசையைத் தாண்டிப் போவது ஸ்பெஷல் தரிசனம். தர்ம தரிசனம்தான் இல்லை.

என் வீட்டுக்காரர் பேட்டையிலேயே ஒரு லேத் பட்டறையில் இருக்கிறார். என் வேலை என்னவென்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நாள் ஆனது.

“ஏழு மலைக்கும் சேத்து துட்டு கட்டிட்டான். அப்பால இன்னாத்துக்கு சண்ட?”

“ஏழுக்கும்தான். ஆனா லீவு நாள்ல செல்லாது. ஏழாவது மலைக்கு வருசத்துக்கு ரெண்டு நாள்தான். உச்சிக்குப் போற கம்பி வண்டிக்கு தனி காசு. கார் நிறுத்த தனி காசு. மொத நாளே வரேன்னு பதிவு பண்ணலன்னா வாசல்லயே நிறுத்திருவாங்க.”

அவர் யோசித்தார். “சீசன் டிக்கெட் வச்சிகினு எக்ஸ்பிரஸ்ல ஏறுனா ஃபைன் போடுவான்ல, அது மாரி.”

“அதே மாரிதான்.”

“அத்த மொதல்லயே சொல்லித்தான டிக்கெட் குடுக்குறான்? அப்பால லெட்டர் போட்டா இன்னா ஆவும்?”

நானும் அதைத்தான் நினைத்தேன். அட்டையின் விதிகள் அறுபது பக்கம். எனக்கு அவை மனப்பாடம். எந்த மலையில் எந்த வாரம் தடை, எந்த அட்டைக்கு எந்த வாசல் திறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போன ஒரு தகப்பன், அன்றைக்குத் தடை நாள் என்று திருப்பி அனுப்பப்பட்டு எழுதுவான். நான் விதியின் எண்ணைப் போட்டு நான்கு வரியில் பதில் அனுப்புவேன். ஒரு தப்பு இருக்காது. மாதா மாதம் எங்கள் பதில்களைச் சரிபார்த்து மதிப்பெண் போடுவார்கள். எனக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு. அந்தத் தளத்தில் விதி தெரிய வேண்டுமென்றால் எல்லோரும் என் நாற்காலிக்குத்தான் வருவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் அவள் வந்தாள். குத்தம்பாக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள். எனக்கு அடுத்த இருக்கையில் உட்கார வைத்தார்கள். வந்த அன்றே ‘அக்கா’ என்று கூப்பிட்டாள். டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் வாய் எனக்கு. விதிகளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ஆனால் அவளுக்கு விதி தங்காது. தடை வாரத்தை மாற்றிச் சொல்லிவிடுவாள். மதிப்பெண் எழுபதைத் தாண்டாது.

ஆனால் அவள் பதில் எழுதும் விதம் வேறு. அந்த மூன்று பிள்ளைத் தகப்பனைப் போல ஒருவருக்கு அவள் எழுதியதைப் பார்த்தேன். ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்திருந்த கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, திரும்பி வரும்போது அழுதானா என்று கேட்டிருந்தாள். விதியை அதற்கப்புறம் ஒரு வரியில் சொல்லியிருந்தாள், அதுவும் பாதி தப்பாக. அந்த ஆள் நன்றி சொல்லி நீளமாக ஒரு மடல் போட்டான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் குழுத்தலைவர் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். நான் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. வேறு பக்கமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

அவள் ஸ்கூட்டரில் வருவாள். நான் பட்டாபிராமில் ரயிலேறி, அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நான்கு பேரோடு நசுங்கி வருவேன். அவர்கள் ஊர்ப்பக்கம் புது பஸ் நிலையம் வருகிறது என்றதும் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. அவள் அப்பா ஒரு துண்டை விற்று மாடி வீடு கட்டினார், இன்னொரு துண்டை வைத்துக்கொண்டார். என் அப்பா வேப்பம்பட்டுப் பக்கம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நின்றவர். கழனியெல்லாம் மனைகளானதும் குடோனில் மூட்டை தூக்கப் போனார். அவள் குடும்பத்து நிலத்தில் அவர் கால் வைத்ததேயில்லை. அது வேறு ஊர், வேறு ஆட்கள். பொறாமைக்கு சர்வே எண் தேவைப்படுவதில்லை. அவள் தன் வீட்டுக் கருணைக்கிழங்கு வறுவலை என் தட்டில் வைக்கும்போது, வாங்கித் தின்றுகொண்டே, இவளுக்கு எல்லாமே கையில் கொண்டுவந்து கொடுக்கப்படுகிறது என்று நினைப்பேன்.

அவள் வந்த இரண்டாம் வருடம், அந்த ஐரோப்பியக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் எங்களைப் பார்க்க வந்தார். ஒரு வாரம் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் எழுதுவதைப் படித்தார். போகும்போது ஒரு செய்தி சொன்னார். பிப்ரவரியில் ஒருவரை இரண்டு வாரம் அங்கே கூட்டிப்போவார்கள். அலுவலகத்தையும் மலையையும் நேரில் பார்த்தால் பதில் எழுத வசதியாக இருக்கும் என்றார்.

எனக்குச் சந்தேகமே இல்லை. பாஸ்போர்ட் கூட எடுத்து வைத்திருந்தேன். எடுத்து இரண்டு வருடமாகியும் ஒரு முத்திரை இல்லாமல் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் அவருக்குத் தெரிந்தவரெல்லாரிடமும் சொல்லிவிட்டார். “எங்க ஊட்டு அம்மா பாரின் போறாங்க” என்று மாவு மில்காரர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

பெயர் வந்தது. அவளுடையது.

நான் குழுத்தலைவரின் மேசைக்குப் போனேன். கோபப்படக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

“சார், என் மார்க்க பாத்தாங்களா?”

“பாத்தாங்கம்மா. உன் பதில்ல ஒரு தப்பு இல்லன்னு அவங்களே சொன்னாங்க.”

“அப்ப?”

அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீ சட்டம் சொல்ற. அந்தப் பொண்ணு ஆறுதல் சொல்லுது. அவங்களுக்கு இப்ப அதுதான் வேணுமாம். என்னா பண்றது சொல்லு.”

அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்காரருக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்கும். சாப்பிடும்போது, “அந்தக் குளிர்ல நீ இன்னா பண்ணுவே, ஒனக்கு மார்கழிலயே மூக்கு ஊத்தும்” என்றார். அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அவள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, தன் பயணத் திட்டத்தைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம். இரண்டு வாரமும் அப்படித்தான். மலைக்குப் போக ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள், நடுவில் வரும் சனிக்கிழமை. ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் சாதா அட்டையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

“அக்கா, நீங்க ஒரு தடவ பாத்துருங்க. எனக்கு இந்த ரூல்லாம் கொழம்பும். எல்லாம் சரியா இருக்கா?”

என் கண் நேராக அந்தச் சனிக்கிழமையில் போய் நின்றது. அது அவர்கள் ஊரில் பள்ளி விடுமுறை வாரம். பெரிய மலையில் விடுமுறை வாரத்தின் சனியும் ஞாயிறும் சாதா அட்டைக்குத் தடை. இதே விதிக்காக அந்த மாதம் மட்டும் எத்தனையோ பேருக்கு நான் பதில் போட்டிருந்தேன். அவளும் போட்டிருந்தாள். ஆனால் தன் காகிதத்தில் அது அவளுக்குத் தெரியவில்லை.

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

“எல்லாம் சரியாத்தான் கீது. போய்ட்டு வா.”

அவள் என் தோளைக் கட்டிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அதை அதிகம் நினைக்கவில்லை. பெட்டி வாங்கினாள், கம்பளிச் சட்டை வாங்கினாள், எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ‘அந்தச் சனிக்கிழமை பார்க்கலாம்’ என்று உள்ளே ஒரு குரல் மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது எனக்கு ஒரு தெம்பைக் கொடுத்தது.

அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு வேலை நாள். செல்போனை இருக்கைக்குக் கொண்டுபோகக் கூடாது, வெளியே பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். மதியம் ஒன்றரைக்கு எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். அங்கே அப்போது காலை ஒன்பது மணி. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அவளிடமிருந்து வந்தது.

‘அக்கா, வாசல்ல கார்ட வச்சா சிவப்பு லைட் வருது. தடை நாளாம். கூட வந்தவங்களுக்கு பெரிய கார்டு, அவங்க மேல போய்ட்டாங்க. நான் கீழ நிக்கிறேன். நீங்க ஏதாவது பண்ண முடியுமா?’

என்னால் முடியும். ஒரு நாளுக்கு மட்டும் தடையை நீக்கும் அதிகாரம் எங்களில் மூத்தவர்களுக்கு உண்டு. காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு அழுத்தினால் அடுத்த நிமிடம் வாசல் திறக்கும். ஊழியர் அட்டை என்பதால் யாரும் கேள்வி கூடக் கேட்க மாட்டார்கள். மாடி ஏறிப்போய் உட்கார ஐந்து நிமிடம், வேலைக்கு இரண்டு நிமிடம்.

செய்தியைத் திறக்காமல் திரையின் மேலே தெரிந்ததை மட்டும் படித்தேன். திறந்தால் நீலக் குறி விழும், படித்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டேன். மிச்சம் வைக்காமல் தின்றேன். டப்பாவைக் கழுவினேன். செல்போனைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மேலே போய், ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவன் கார் நிறுத்தக் கட்டணம் கேட்டார்கள் என்று எழுதியிருந்ததற்கு விதி எண் போட்டுப் பதில் எழுதினேன்.

மூன்றே முக்காலுக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளுடைய அட்டை எண்ணைத் தேடித் தடையை நீக்கினேன். டீ இடைவேளைக்குக் கீழே போய், ‘இப்போதான் பாத்தேன், போன் லாக்கர்ல இருந்துச்சு. தடை எடுத்துட்டேன், போ’ என்று அனுப்பினேன். அங்கே அப்போது பதினொன்றரை.

‘பஸ்ல கீழ எறங்கிட்டு இருக்கேன்கா. ஷூ நனஞ்சு காலு மரத்துப் போச்சு. மேல போற பஸ் காலைல மட்டும்தானாம். பரவால்ல. தேங்க்ஸ்கா.’

அவள் திரும்பி வந்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். சிரித்துச் சிரித்துச் சொன்னாள். “ஒரு நாள் டிக்கெட்டு எவ்ளோன்னு கேட்டேன். வெலைய கேட்டதும் திரும்பி நடந்துட்டேன்.” பனியைத் தொட்டாயா என்று யாரோ கேட்டார்கள். “கார் நிறுத்துற எடத்துல ஒதுக்கி வச்சிருந்தாங்க, மண்ணும் டயர் அழுக்குமா. அதத்தான் தொட்டேன். மூச்சு இழுத்தா மூக்குக்குள்ள சுரீர்ங்குது. கடுகு எண்ணெய் வாசன புடிச்ச மாதிரி.”

எனக்குத் திருப்தியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அந்த அழுக்குப் பனியைத் தொட்ட விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக்குள் சுரீரென்றது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். மேலே போகாதவள் மேல் கூட எனக்குப் பொறாமைதான் வந்தது.

பிறகு என் இருக்கைக்கு வந்து ஒரு பெரிய சாக்லேட் டப்பாவை வைத்தாள். மற்றவர்களுக்குக் கொடுத்தது சின்னது. “அன்னிக்கு இங்க நாலு பேருக்கு மெசேஜ் போட்டேன்கா. நீங்க ஒருத்தர்தான் பதில் போட்டீங்க.”

அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் செய்தது எனக்குள்ளேயே இருந்திருக்கும். ஆனால் அவள் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஐரோப்பிய அம்மாளுக்கு ஒரு மடல் எழுதியிருக்கிறாள். ‘இந்த விதிக்கு தினமும் பதில் எழுதுகிறவள் நான். எனக்கே என் அட்டையில் அது தெரியவில்லை. உங்கள் வாடிக்கையாளருக்கு எப்படித் தெரியும்? மலையையும் நாளையும் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தடை என்று சிவப்பில் காட்டினால் என்ன?’ அந்த அம்மாளுக்கு அது பிடித்துவிட்டது. அடுத்த பருவத்துக்கு முன்பே மாற்றிவிட்டார்கள். கட்டணம் எதுவும் குறையவில்லை, தடையும் போகவில்லை, ஆனால் வாசலில் நின்று திட்டி எழுதும் மடல்கள் பாதியாகக் குறைந்தன. அங்கிருந்து பாராட்டு வந்தது. எங்கள் குழுத்தலைவர் வேறு வேலைக்குப் போனபோது, அவளை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு அடியில் நான்.

நான் குழி தோண்டினேன், அவள் அதில் விழுந்து, படிக்கட்டோடு வெளியே வந்தாள். இதை யாரிடமும் சொல்லிச் சிரிக்கவும் முடியாது.

அந்த வருட மதிப்பீட்டுக்குக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். எழுந்து நின்று, “உக்காருங்கக்கா” என்றாள். எனக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டிருந்தாள். “ரூல் விஷயத்துல உங்கள அடிக்க ஆள் இல்ல. புதுசா வர்றவங்களுக்கு நீங்கதான் க்ளாஸ் எடுக்கணும். நான் அன்னிக்கு அந்த சனிக்கிழம ஏமாந்தேன்ல, அதயே மொத பாடமா வைங்க” என்று சிரித்தாள்.

என்ன ஆனதென்று தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

“எனக்கு மொதல்லயே தெரியும்.”

“என்னதுக்கா?”

“அந்த சனிக்கிழம தடைன்னு. நீ காயிதத்த காட்டுனப்பவே பாத்துட்டேன்.”

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அதை எடுக்க மறந்தவள் போல. “அந்த மெசேஜ்?”

“அதையும் ஒன்றரைக்கே பாத்துட்டேன்.”

பாவமன்னிப்பு கேட்பதற்காகத்தான் சொன்னேன் என்று பல நாள் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். அது நிஜமில்லை. அவள் எல்லோரிடமும் சொல்லும் அந்தச் சனிக்கிழமைக் கதையில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது, அது இல்லாமல் அவளுக்கு இந்த அறை இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“ஏன்கா?” என்றாள்.

“பொறாம.” அந்த வார்த்தையை அதற்குமுன் நான் எனக்குள் கூடச் சொன்னதில்லை.

“என்கிட்ட என்னா இருக்குன்னு?”

ஸ்கூட்டர், மாடி வீடு, சுவரில் ஒட்டிய மடல், மீதி நிலம். ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அந்த மேசை மேல் வைத்தால் எல்லாமே சின்னதாகத் தெரியும்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பேட்டைச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன என்று நினைக்கிறேன். நான் அவளுடைய பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “எனக்கு அந்த ஒரு நாள்தான் இருந்துச்சு” என்றாள். “அன்னிக்கு பஸ்ல அழுதுகிட்டே எறங்குனேன். அத யார்கிட்டயும் சொல்லல. உங்க மெசேஜ் வந்ததும்தான் அழுகைய நிறுத்துனேன்.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மதிப்பீட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். மதிப்பெண்ணை அடித்துவிட்டு வேறு எழுதுவாள் என்று நினைத்தேன். எழுதவில்லை. போட்ட மதிப்பெண் அப்படியே இருந்தது. “கையெழுத்து போடுங்க” என்றாள். போட்டேன். அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, என்னால் இவளைப் போல ஒரு தாளை அடிக்காமல் விட முடியுமா என்று யோசித்தேன். முடியாது. அதற்கும் பொறாமையாக இருந்தது.

வீட்டில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “தப்பு பண்ணது ஒரு வாட்டி. அத்த சொன்னது ரெண்டாவது தப்பு” என்றார். அப்புறம், “இல்ல, சொன்னது சரிதான்” என்றார். எது என்று இன்றுவரை அவரும் முடிவு செய்யவில்லை.

அவள் என்னை வேறு குழுவுக்கு மாற்றவில்லை. மேலே யாரிடமும் சொல்லவும் இல்லை. புதியவர்களுக்கு நான்தான் விதிப் பாடம் எடுக்கிறேன். விடுப்பு கேட்டால் தருகிறாள், என் பையனுக்குக் காய்ச்சல் என்றால் எப்படியிருக்கிறான் என்று விசாரிக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசையில் உட்காருகிறாள். நாலு பேர் இருக்கும்போது என்னை இன்னும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நேராக விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள்.